சைக்கிள் பாதைக்கு நாமே காசு போடலாமா?

பெடல்பாண்டி:
சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கு என்று 2014லேயே ஒரு கொள்கை போட்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. சில இடங்களில் நடைபாதை நன்றாக வந்தது, மறுக்கவில்லை. சைக்கிளுக்கு என்ன வந்தது? அதனால் ஒரு யோசனை: நமக்கு நாமே திட்டம். பெரும்பாலான வேலைகளுக்கு மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடுகிறது. பூங்காவுக்குக் கட்டுகிறோம், பள்ளிக் கட்டடத்துக்குக் கட்டுகிறோம், நம் பகுதியில் பள்ளியையும் ரயில் நிலையத்தையும் இணைக்கும் ஒரு சைக்கிள் பாதைக்கு ஏன் கட்டக் கூடாது? நாலு குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்தால் முடியாதா என்ன.

கணக்குப்பிள்ளை:
முடியும். அதுதான் பிரச்சினையே. காசு கட்ட முடிந்த தெருவுக்குப் பாதை வரும், கட்ட முடியாத தெருவுக்கு வராது. பெசன்ட் நகரில் ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் போட்டு ஓட்டுபவர்கள் ஒரே வாரத்தில் வசூலித்துவிடுவார்கள், வியாசர்பாடியில் யார் வசூலிப்பது? சொத்து வரி கட்டுகிறோம், பெட்ரோலுக்கு வரி கட்டுகிறோம், சாலை போடுவது அரசின் வேலை. மேம்பாலம் கட்டும்போது காரில் போகிறவர்களிடம் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்களா?

பெடல்பாண்டி:
முழுச் செலவையும் மக்கள் தலையில் கட்டச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் ஹாம்ப்லைன் என்ற சைக்கிள் பாதைக்குப் பல மில்லியன் டாலர் திட்டம், பெரும்பகுதி அரசுப் பணமும் அறக்கட்டளைப் பணமும்தான். கடைசியில் விழுந்த துண்டை அடைக்க இணையத்தில் சுமார் 75,000 டாலர் திரட்டினார்கள். கொடுத்த காசைவிட, கொடுத்தவன் அதற்கப்புறம் அந்தத் திட்டத்தைத் தூங்க விடமாட்டான் என்பதுதான் லாபம்.

பெர்லின்வாசி:
காசு வேண்டாம், கையெழுத்து போதும். இங்கே பெர்லினில் 2016ல் சைக்கிளுக்காக ஒரு பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்று ஒரு குழு கிளம்பியது. முதல் கட்டத்துக்குத் தேவை 20,000 கையெழுத்து. நான்கு வாரத்துக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. சட்ட வரைவையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள், அதுதான் சூட்சுமம். வாக்கெடுப்பு வரை போகவே இல்லை, புதிதாக வந்த ஆட்சி உட்கார்ந்து பேசி 2018 ஜூனில் நகர மன்றத்தில் சட்டமாக்கியது. முக்கியச் சாலைகள் எல்லாவற்றிலும் பாதுகாப்பான சைக்கிள் வசதி வேண்டும் என்று அதில் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
மீதிக் கதையையும் சொல்லுங்கள் சார். 2023ல் ஆட்சி மாறியதும் கார் நிறுத்தும் இடத்தைக் குறைக்கும் சைக்கிள் பாதைகளை நிறுத்தி வைத்தார்களே. பாரிஸ் இன்னும் மோசம். 2025 மார்ச்சில் 500 தெருக்களைக் காரில்லாத தெருக்களாக்கலாமா என்று கேட்டார்கள், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு என்று செய்தி வந்தது, ஓட்டுப் போட்டவர்களோ நூற்றுக்கு நாலு பேர். இதை மக்கள் முடிவு என்றால் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸாப் குழுவும் நாடாளுமன்றம்தான்.

பெர்லின்வாசி:
நிறுத்தி வைத்தார்கள், ஆனால் சட்டத்தைத் தூக்கிப் போடவில்லை. சட்டம் இருக்கும்வரை அதை வைத்து ஆட்சியோடு மல்லுக்கட்டலாம். சென்னைக் கொள்கையை வைத்து அப்படி மல்லுக்கட்ட முடியுமா?

மளிகைக்கடை:
எல்லோரும் பாரிஸ் பெர்லின் போய்விட்டு வாருங்கள், நான் கடையிலேயே இருக்கிறேன். வாசலில் பாதை போட்டால் சரக்கு வண்டி எங்கே நிற்கும்? வாடிக்கையாளர் ஸ்கூட்டரை எங்கே வைப்பார்? அப்புறம், பாதை போட்ட மறுநாளே அதில் இருசக்கர வாகனம்தான் ஓடும், பந்தயம்.

வடசென்னைக்காரி:
மளிகைக்கடை அண்ணா கேட்டதும் கணக்குப்பிள்ளை சொன்னதும் உண்மை, ஆனால் இரண்டு பேரும் ஒரே ஆளை மறந்துவிட்டீர்கள். எங்கள் பக்கம் சைக்கிள் ஓட்டுபவர் யார்? இரவுக் காவல் முடிந்து திரும்பும் வாட்ச்மேன், கேனில் டீ விற்பவர், பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளில் இரண்டு பேராகப் போகும் பிள்ளைகள், மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சரக்கு இழுப்பவர். இவர்களுக்கு நமக்கு நாமேயில் கட்டவும் காசில்லை, இணையத்தில் கையெழுத்துப் போடவும் நேரமில்லை. 2022ல் பகுதி சபைக்கு, அதாவது வார்டுக்குள் பகுதி வாரியாக மக்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு, விதிகள் வந்தன, நல்லதுதான், ஆனால் கூட்டத்தைக் காலை 10 மணிக்கு வைத்தால் வருவது ஓய்வு பெற்றவர்களும் கவுன்சிலரோடு வருபவர்களும்தான். வாட்ச்மேன் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார்.

வாய்ப்புக் கொடுத்தோம், அவர்கள் வரவில்லை என்று முடித்துவிடாதீர்கள். தெரு வியாபாரிகள் சட்டம் 2014ஐப் பாருங்கள். தெருக்கடைகள் சம்பந்தமான விஷயங்களைப் பார்க்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதுவும் அவர்களுக்குள் தேர்தல் வைத்து. நடைமுறையில் எவ்வளவோ ஓட்டை உண்டு, ஆனாலும் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது. சைக்கிள் பாதை எங்கே வேண்டும் என்று முடிவெடுக்கும் குழுவிலும் பிழைப்புக்காக ஓட்டுபவருக்கு அப்படி இடம் ஒதுக்கச் சொல்லுங்கள், ஒரு நாள் கூலியையும் கொடுத்து உட்கார வையுங்கள். காசு போட ஆசைப்படும் சங்கங்கள் அந்தக் கூலிக்குப் போடட்டுமே.

அந்த ஆள் குழுவில் இருந்தால்தான் சின்ன விஷயங்கள் தெரியவரும். பாதைக்குள் பைக் வராமல் இருக்கத் தூண் நடுகிறார்கள். இடைவெளியைக் கூட்டினால் ஸ்கூட்டர் நுழைந்துவிடும், குறைத்தால் மீன்பாடி வண்டி வெளியே நிற்கும். வரைபடம் போடுகிறவர் மீன்பாடி வண்டியின் அகலத்தை அளந்திருப்பாரா?

கணக்குப்பிள்ளை:
கூலி கொடுத்துக் கூட்டத்துக்கு அழைப்பதா? நாளைக்கு அதற்கும் ஆள் பிடித்து வருவார்கள். நம் ஊர் அரசியல் கூட்டம் பார்த்ததில்லையா?

வடசென்னைக்காரி:
அதிகாரிகள் அந்தக் கூட்டத்துக்குச் சம்பளத்தோடுதான் வருகிறார்கள். அது உங்களுக்குக் கூலியாகத் தெரியவில்லை.

பெடல்பாண்டி:
சரி, மளிகைக்கடை கேட்டதும் தூண் இடைவெளி பற்றிக் கேட்டதும் நியாயமான கேள்விகள். பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தை 2019 நவம்பரில் திறந்தார்கள், அதற்கு முன்பே தடுப்பு வைத்து ஒத்திகை பார்த்தார்கள். பெர்லினிலும் 2020ல் கொரோனா நேரத்தில் மஞ்சள் கோடும் தடுப்பும் வைத்தே பல பாதைகள் போட்டார்கள். நாமும் ஒரு மாதம் கோன் வைத்துப் பார்க்கலாம். அதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான், சங்கங்களே போடலாம். பாதை நிலைக்கும் என்று தெரிந்த பிறகு கட்டுமானத்துக்கு அரசிடம் முழுப் பணமும் கேட்போம். கணக்குப்பிள்ளை, இதிலாவது ஒப்புதலா?

கணக்குப்பிள்ளை:
ஒத்திகைக்கு ஆட்சேபனை இல்லை. "மக்கள் பங்களிப்பு" என்று ரசீது அடித்தால் ஆட்சேபனை உண்டு. ஒருமுறை கட்டிப் பழகினால் அடுத்த முறை குழி மூடவும் நம்மிடம்தான் வருவார்கள்.

மளிகைக்கடை:
கோன் வைப்பதென்றால் எதிர்ச்சாரியில் வையுங்கள். அங்கே வங்கிதான் இருக்கிறது, ஏழு மணிக்குச் சரக்கு வராது.