அச்சடித்த லேபிள்: கீழ் வரிசைக்குப் போகப்போக வெட்டு விலகுகிறது, உதவி தேவை

கேள்வி:
இலை வடிவ லேபிள்களை இங்க்ஜெட்டில் அச்சடித்து, மேலே பளபளப்பான லேமினேஷன் ஒட்டி, டிஜிட்டல் கட்டரில் வெட்டுகிறேன். எங்கே வெட்ட வேண்டும் என்று மெஷினுக்குக் காட்ட மூலைகளில் அச்சடித்த கறுப்பு அடையாளத்தை (ரெஜிஸ்ட்ரேஷன் மார்க்) பல தடவை மெஷின் கண்டுபிடிப்பதே இல்லை. கண்டுபிடித்தாலும் மேல் வரிசை மட்டும்தான் கச்சிதம். கீழே வர வர வெட்டு வலப்பக்கம் நகர்ந்து, கடைசி வரிசையில் 2 மி.மீ. வெள்ளை ஓரம் தெரிகிறது. காலிபரேஷன் (அச்சும் வெட்டும் பொருந்தும்படி மெஷினைச் சரிசெய்வது) செய்தும் மாறவில்லை.

பதில் 1:
மார்க் தெரியாததற்குக் காரணம் அந்தப் பளபளப்பாகத்தான் இருக்கும். சென்சார் வெளிச்சத்தை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் கறுப்பு எது, வெள்ளை எது என்று பிரிக்கிறது. வழவழப்பான பரப்பில் அந்தக் கணக்கு குழம்பிவிடும். மார்க்குகளின் மேல் மட்டும் பளபளப்பில்லாத ஒளிபுகும் டேப்பை ஒட்டிப் பாருங்கள். அடுத்த முறை லேமினேஷனை மார்க் வரை கொண்டுபோகாமல் முன்பே நிறுத்திவிடலாம்.

விலகலுக்கு வருவோம். எல்லா லேபிளும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகினால் அது காலிபரேஷன் கோளாறு. உங்களுக்குக் கீழே போகப்போகக் கூடுகிறது. அப்படியானால் வெட்டும்போதே ஷீட் நகர்கிறது என்றுதான் சந்தேகப்படுவேன். ஷீட்டை ஒட்டிப் பிடித்துவைக்கும் கட்டிங் மேட்டின் பிசின் போய்விட்டதா? ஷீட்டின் ஒரு மூலையை விரலால் தூக்கிப் பாருங்கள், எதிர்ப்பே இல்லாமல் எழுந்து வந்தால் அதுதான் காரணம்.

பதில் 2:
சாஃப்ட்வேரில் வெட்டும் வரிசையையும் பாருங்கள். மெஷின் மேலும் கீழுமாகத் தாவித் தாவி வெட்டினால் ஷீட் ஒவ்வொரு தடவையும் உருளைக்குள் போய்வந்து நழுவும். மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக முடிக்கும்படி வையுங்கள், வேகத்தையும் குறையுங்கள். அச்சடிக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ வேண்டாம், 100% அளவிலேயே அடியுங்கள்.

கேட்டவர்:
டேப் ஒட்டியதும் மார்க்கை உடனே பிடித்துக்கொண்டது, மிக்க நன்றி! மூலையைத் தூக்கினால் ஷீட் அப்படியே கையோடு வந்துவிட்டது. இப்போதைக்கு ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் மேட்டோடு ஒட்டி, வரிசையாக வெட்டினேன். கடைசி வரிசையிலும் விலகல் அரை மி.மீ.க்குள் வந்துவிட்டது. ஆனால் இப்போது சில இடங்களில் லேபிளுக்கு அடியில் உள்ள பின்தாளும் சேர்ந்து அறுபடுகிறது.

பதில் 1:
சரி, அரை மி.மீ.க்குப் பயப்பட வேண்டாம். வெட்டுக்கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. நிறத்தை நீட்டி ப்ளீட் விடுங்கள், எழுத்தை அதே அளவு உள்ளே தள்ளுங்கள். பின்தாளுக்கு, பிளேடு ஆழத்தை ஒரு படி குறைத்து, ஷீட்டின் காலி ஓரத்தில் சின்னச் சதுரம் வெட்டிப் பாருங்கள். லேபிள் சுலபமாக உரிய வேண்டும், பின்தாளில் லேசான கீறலுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்புறம், அந்த இலை வடிவத்தின் கூர்நுனியைக் கொஞ்சம் வட்டமாக்கிவிடுங்கள். கூராக விட்டால் அங்கிருந்துதான் லேபிள் பெயரும்.