நெபுலைசர், அட்டமைசர்: இரண்டுக்கும் ‘தெளிப்பான்’ வேண்டாம்

வணக்கம்.

கரைசலிலுள்ள உலோகத்தை, அதன் தனி அணுக்கள் ஒளியை உட்கவர்வதைக் கொண்டு அளக்கும் கருவி அணு உட்கவர் நிறமாலைமானி. அதன் உறுப்புப் பெயர்ப் பட்டியலில் நெபுலைசருக்கும் அட்டமைசருக்கும் ‘தெளிப்பான்’ என்றே போட்டிருக்கிறோம். வாசனைத் திரவியப் புட்டியின் தெளிப்பு மூடியையும் அட்டமைசர் என்பதால் வந்த குழப்பம் இது. இந்தக் கருவியில் அட்டமைசர் எதையும் தெளிப்பதில்லை.

சுடர்க் கருவியில் மெல்லிய குழாய் ஒன்று கரைசலை நிமிடத்துக்கு 4 முதல் 6 மி.லி. வரை உறிஞ்சுகிறது. விரைந்து பாயும் காற்று அதைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கிறது. இந்தப் பகுதிதான் நெபுலைசர். பெருந்துளிகள் கலப்பறைச் சுவரில் மோதி வடிகுழாய் வழியே போய்விடும். சுடரை எட்டுவது 5 முதல் 10 விழுக்காடுதான். நெபுலைசரின் வேலை அதோடு முடிந்தது. சுடருக்குள் துளி உலர்கிறது, எஞ்சிய உப்புத்துகள் ஆவியாகிறது, ஆவியின் மூலக்கூறு உடைந்து தனி அணு பிறக்கிறது. விளக்கின் ஒளியை உட்கவர்வது அந்தத் தனி அணு. அதை உண்டாக்கும் சுடர்தான் அட்டமைசர்.

எனவே நெபுலைசருக்குத் திவலையாக்கி, அட்டமைசருக்கு அணுவாக்கி என முன்மொழிகிறேன். அயனியாக்கம் ஏற்கெனவே வேரூன்றிய சொல். திவலையாக்கம், அணுவாக்கம், அயனியாக்கம் என்று அதனோடு வரிசையாக நிற்கும்.

பெயர் பிரிந்தால் பழுதும் பிரிந்து தெரியும். நீரில் கால்சியத்தை 422.7 நா.மீ. (நானோமீட்டர்) அலைநீளக் கோட்டில் அளக்கிறோம், அளவீடு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் செம்பின் செந்தரக் கரைசலை (செறிவு தெரிந்த கரைசலை), செம்பு விளக்கோடு, 324.8 நா.மீ.யில் பாருங்கள். அதுவும் வழக்கத்தைவிடக் குறைந்தால் கோளாறு திவலையாக்கியில் இருக்க வாய்ப்பு அதிகம்: 10 மி.லி. அளவுகுழலில் நீர் எடுத்து ஒரு நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். குறைவாக இறங்கினால் குழாயில் அடைப்பு. செம்பு சரியாக வந்து, மாதிரியில் கால்சியம் மட்டும் குறைந்தால் அணுவாக்கத்தில் தடை. பெரும்பாலும் பாஸ்பேட்தான் காரணம். அது கால்சியத்தோடு சேர்ந்து உண்டாக்கும் சேர்மம் காற்று–அசிட்டிலீன் சுடரின் ஏறத்தாழ 2300° செ. வெப்பத்தில் முழுதாக உடையாது. லாந்தனம் குளோரைடு சேர்த்தால் பாஸ்பேட்டை லாந்தனம் பிடித்துக்கொள்ளும், கால்சியம் விடுபடும். செந்தரக் கரைசல்களிலும், அளக்கும் தனிமம் இல்லாத வெற்றுக் கரைசலிலும் அதே அளவு லாந்தனம் இருக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

வெப்பம் மிகுந்த நைட்ரஸ் ஆக்சைடு–அசிட்டிலீன் சுடருக்கு மாறியும் தீர்க்கலாம். அங்கே கால்சியம் அயனியாகத் தொடங்கும், பொட்டாசியம் குளோரைடு சேர்த்து அடக்க வேண்டும். எரிமுனையையும் 5 செ.மீ. பிளவுள்ளதாக மாற்றியாக வேண்டும், 10 செ.மீ. முனையில் அந்த வாயுவை விட்டால் சுடர் கலப்பறைக்குள் பின்வாங்கி வெடிக்கும்.

உட்கவர்தலுக்கு உறிஞ்சல், உமிழ்தலுக்குக் காலல் என்னும் இலங்கைப் பாடநூல் வழக்குகள் இரண்டையும் இணைச்சொற்களாகத் தரவேண்டும். ஆனால் குழாய் கரைசலை இழுப்பதற்கும் ‘உறிஞ்சு’ என்றே எழுதுவதால், ஒளிக்கு உட்கவர்தலே தெளிவு.

மறுமொழி:

வணக்கம் ஐயா. அணுவாக்கிக்கு என் முழு ஆதரவு. சுடருக்குப் பதிலாக மின்சாரத்தால் சூடாகும் கிராபைட் குழலைக் கொண்ட கிராபைட் உலையை நினைத்தால் ‘தெளிப்பான்’ அறவே பொருந்தாது. அங்கே 20 மைக்ரோலிட்டர் துளியை நேரே குழலுக்குள் விடுகிறோம், திவலையாக்கியே கிடையாது. ஈயம் என்றால் 120° அளவில் உலர்த்தி, சில நூறு டிகிரியில் சாம்பலாக்கி, 1800° அளவில் அணுவாக்குகிறோம். உலர்த்தலை அவசரப்படுத்தினால் துளி தெறித்து, அடுத்தடுத்த அளவீடுகள் ஒத்துவராது. சாம்பலாக்கும் வெப்பம் மிகுந்தால் ஈயக் குளோரைடு அணுவாகும் முன்பே பறந்துவிடும்; பல்லேடியம் நைட்ரேட் சேர்ப்பது அதைப் பிடித்துவைக்கத்தான்.

விளக்கக் குறிப்பில் மட்டும் ‘அணுவாக்கி என்பது சுடர்’ என்று எழுத வேண்டாம். பாதரசத்துக்கு வெப்பமே தேவையில்லை. ஸ்டேனஸ் குளோரைடால் ஒடுக்கி, வாயுவோட்டத்தில் வெளியேற்றினால் அறை வெப்பத்திலேயே தனி அணுவாக வரும், 253.7 நா.மீ.யில் அளக்கிறோம். இதுவே குளிராவி முறை. ‘தனிமத்தைத் தனி அணு நிலைக்குக் கொண்டுவரும் பகுதி’ என்றால் சுடர், உலை, குளிராவி மூன்றும் அடங்கும்.

உமிழும் ஒளியைக் கொண்டு தனிமங்களை அளக்கும் கருவிகளிலுள்ள ஆர்கான் பிளாஸ்மாவுக்கு (மின்னேற்றம் பெற்ற வெப்ப வாயுவுக்கு) இந்தச் சொல் போதாது என்பது என் கருத்து. அது அணுவாக்குவதோடு அயனியாக்கவும் கிளர்வூட்டவும் செய்கிறது. மக்னீசியத்தை அங்கே நாம் அளக்கும் 280.27 நா.மீ. கோடு அயனியின் கோடு, அணுவின் கோடு அல்ல. பிளாஸ்மாவைக் ‘கிளர்வு மூலம்’ (கிளர்வூட்டும் ஆற்றலின் ஊற்று) என்றும், அந்த முறையை அணு உமிழ் என்பதற்குப் பதில் ஒளி உமிழ் நிறமாலையியல் என்றும் பதிவோம்.