தேசியக் கல்விக் கொள்கையை எழுதுவது அமைச்சரா, செயலாளரா?

கோட்டை_அகழி
நேற்றுக் காலை வேலூர்க் கோட்டைப் பூங்காவில் நடக்கும்போது ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்கள் இருவர் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "கல்விக் கொள்கையை எந்த அமைச்சரும் எழுதுவதில்லை, செயலாளர்தான் எழுதுகிறார்" என்றார் ஒருவர். "அதுதானய்யா நாட்டைப் பிடித்த சனி" என்றார் மற்றவர். இரண்டு சுற்று நடந்து திரும்பியபோதும் சண்டை முடியவில்லை. அதை இங்கே தொடரலாம் என்று நினைக்கிறேன்.

நான் முதல் ஆள் பக்கம். 1986 கொள்கை என்றால் ராஜீவ் காந்தி பெயரைச் சொல்கிறோம். அதை உருட்டித் திரட்டியதில் அனில் போர்டியா என்ற ராஜஸ்தான் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரிக்குப் பெரும் பங்கு உண்டு. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்ததிலும் அவர் கை இருந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டக் கற்றார்களே, அந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்கு டெல்லியிலிருந்து வந்த ஆதரவு அந்த வழியாகத்தான். அமைச்சர் மேடையில் அறிவிப்பார். அது கோப்பாகி, நிதியாகி, பள்ளி வரைக்கும் வர ஒரு அதிகாரி வேண்டும்.

பாலாற்று_மணல்
சார், எழுதுகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. எழுதலாமா என்பதுதான் என் கேள்வி. 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-வது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குத் தூக்கிப் போட்டது. அன்றிலிருந்து டெல்லியில் ஒருவர் எழுதும் வரி நம் மாவட்டத்துப் பீஞ்சமந்தை மலைப் பள்ளி வரைக்கும் வருகிறது. எழுதியவருக்குப் பீஞ்சமந்தை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியுமா?

2015-இல் புதிய கொள்கைக்கு முதலில் ஒரு குழு போட்டார்கள். தலைவர் முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன், நம் தஞ்சாவூர்க்காரர். உறுப்பினர்கள் ஐந்து பேரில் நான்கு பேர் ஓய்வு பெற்ற நிர்வாக அதிகாரிகள். கல்வித் துறையிலிருந்து வந்தவர், பள்ளிப் பாடநூல் தயாரிக்கும் மத்திய நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் இயக்குநராக இருந்த ஒருவர் மட்டுமே. மருத்துவக் கொள்கை எழுத நான்கு தாசில்தார்களையும் ஒரு டாக்டரையும் உட்கார வைத்தால் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற ஆட்டோக்காரர்கூடச் சிரிப்பார்.

காட்பாடி_ஜங்ஷன்
தாசில்தார் உதாரணம் கொஞ்சம் ஓவர் 😀 ஆனால் அந்தக் குழுவின் கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2016 மே மாதம் அறிக்கை கொடுத்தார்கள். அமைச்சகம் அதை அப்படியே ஏற்கவில்லை. சில உள்ளீடுகள் என்று ஒரு சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. பிறகு விஞ்ஞானி கஸ்தூரிரங்கன் தலைமையில் வேறு குழு, 2019-இல் வரைவு, 2020 ஜூலை 29 அன்று அமைச்சரவை ஒப்புதல். நாட்டிலேயே மூத்த அதிகாரிப் பதவியில் இருந்தவர் எழுதிய அறிக்கைக்கே இந்தக் கதி. அப்புறம் எங்கே அதிகாரிகள் ஆட்டிப் படைக்கிறார்கள்?

கோட்டை_அகழி
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இன்னொன்றும் பாருங்கள். இந்தியக் கல்விப் பணி என்று ஐ.ஏ.எஸ். போல ஒரு பணி வேண்டும் என 1966-இல் கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு எழுதியது, 1986 கொள்கை எழுதியது, 2016-இல் சுப்பிரமணியன் குழுவும் எழுதியது. இன்றுவரை வரவில்லை. நாட்டின் வருமானத்தில் கல்விக்கு 6 சதவீதம் என்பதும் அப்படித்தான். கோத்தாரி காலத்து எண். 1968, 1986, 2020 என்று ஒவ்வொரு கொள்கையிலும் தவறாமல் எழுதுகிறார்கள். நிதியைத் திறக்கும் சாவி கல்விச் செயலாளரிடம் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பாலாற்று_மணல்
கல்விப் பணி வந்தால் ஐ.ஏ.எஸ்.காரர்கள் உட்காரும் நாற்காலிகளில் பாதி போய்விடுமே, அதனால் வராமல் இருக்கலாம். இது என் ஊகம்தான், யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

கோத்தாரி பெயர் வந்ததால் சொல்கிறேன். அந்த அறிக்கையின் முதுகெலும்பு உறுப்பினர்-செயலர் ஜே.பி. நாயக். அவரையும் அதிகாரி என்று உங்கள் கணக்கில் சேர்ப்பீர்கள். ஆனால் அவர் தேர்வெழுதி வந்த ஐ.ஏ.எஸ். இல்லை. கோலாப்பூர் பக்கம் கார்கோட்டியில் கிராமத்துக் கல்வி நிறுவனத்தை உருவாக்கியவர். நம் ஊரீசு கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன் 1948-இல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைவரானார். அவரும் வாத்தியார்தான். வகுப்பறையில் நின்றவன் எழுதட்டும் என்பதுதான் என் கட்சி.

சாக்பீஸ்_டீச்சர்
நான்கு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வகுப்பறையில் நின்றவள் என்ற உரிமையில் இப்போது எழுதுகிறேன்.

குடியாத்தம் பக்கம் தொடக்கப் பள்ளியில் 22 ஆண்டு வேலை பார்த்தேன். தொண்ணூறுகளில் இந்த மாவட்டத்தில் பீடி சுற்றும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று ஏஜென்ட்டிடம் முன்பணம் வாங்குவார்கள். அது அடையும்வரை பிள்ளை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அப்போது வேலூர் ஆட்சியராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். கொத்தடிமைப் பிள்ளைகளை மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கும் வேலையில் தீவிரமாக இருந்தார். சேர்த்த பிறகுதான் சிக்கல். பத்து வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது. ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் வெட்கத்தில் ஓடிவிடும், ஐந்தாம் வகுப்பில் வைத்தால் ஒன்றும் புரியாது. ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலிப் பள்ளியில், பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து அட்டைகள் வைத்துக் கற்கும் முறை இருந்தது. அங்கிருந்து எடுத்ததுதான் செயல்வழிக் கற்றல். பிள்ளை தான் நிற்கும் படியிலிருந்து ஏறலாம். பக்கத்துப் பிள்ளை எங்கே நிற்கிறது என்ற கவலை இல்லை.

பிறகு அவர் சென்னை மாநகராட்சி ஆணையரானார். 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானதும் 2007-இல் தமிழ்நாடு முழுக்க வந்தது. வெளி மாநிலத்தார் வந்து பார்த்துப் போனார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவிலும், செயல்பாடு, தேடல் வழியாகக் கற்றல் என்று இருக்கிறது.

கோட்டை_அகழி
டீச்சர், இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம். வேலூரில் ஒரு அதிகாரி தொட்டது தேசியச் சட்டம் வரைக்கும் போயிருக்கிறது.

சாக்பீஸ்_டீச்சர்
அவசரப்படாதீர்கள் சார். செயல்பாட்டு வழி என்பதை 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே பேசியிருந்தது. சட்டத்துக்கு வேலூர்தான் வேர் என்று நான் சொல்லவில்லை.

இன்னும் பாதிக் கதை இருக்கிறது. சிறப்புப் பள்ளியில் அந்த முறை உயிரோடு இருந்தது. மாநிலம் முழுக்க வந்தபோது சுற்றறிக்கையாக வந்தது. பிள்ளைகள் எழுதக் கீழ்மட்டக் கரும்பலகை அடித்தோம், அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் கட்டினோம், பாடப் படிகளைச் சின்னங்களால் காட்டும் ஏணிப்படி அட்டவணையைச் சுவரில் ஒட்டினோம். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. வட்டார வளமையத்திலிருந்து பயிற்றுநர் வருகிறார் என்றால் அட்டைகளைப் பரப்புவோம். அவர் வண்டி தெரு முனை திரும்பியதும் பழையபடி நான் பலகையில் எழுத, பிள்ளைகள் பார்த்து எழுதும். "வீட்டுப்பாடமே இல்லையே டீச்சர், என்ன பள்ளிக்கூடம் நடத்துகிறீர்கள்" என்று பெற்றோர் கேட்டார்கள். பக்கத்தில் ஒரு தனியார் நர்சரிக்கு நான்கு பிள்ளைகள் போனார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள் என்ற எங்கள் பள்ளிக்கு அந்த முறை பொருந்தவே செய்தது. மூன்றாம் ஆண்டுதான் அதை உணர்ந்தேன். அதற்குள் அதிகாரி மாறிவிட்டார், முறையும் மாறத் தொடங்கியது.

காட்பாடி_ஜங்ஷன்
அதிகாரி மாறிவிட்டார் என்று டீச்சர் தொட்ட இடம்தான் முக்கியம். அதே டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் வேறு சில முன்னாள் அதிகாரிகளும் போட்ட வழக்கில் 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் பதிய வேண்டும் என்றது. முதலாம் வகுப்பில் சேரும் பிள்ளை பள்ளியை முடிக்க 12 ஆண்டு. அதற்குள் எத்தனை செயலாளர்கள் வந்து போகிறார்கள்!

பாலாற்று_மணல்
டீச்சர் சொன்ன பிறகு நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். நல்ல அதிகாரி தேவை, சரி. ஆனால் எந்த வழியாக மேலே வந்தவர் என்று பாருங்கள். காமராசர் காலத்து மதிய உணவுக்குப் பின்னால் நின்ற நெ.து. சுந்தரவடிவேலு பள்ளி ஆய்வாளராக இருந்து இயக்குநரானவர். 2021-இல் பள்ளிக் கல்வி இயக்குநரின் அதிகாரத்தை ஐ.ஏ.எஸ். ஆணையரிடம் கொடுத்தபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. 2023-இல் இயக்குநர் பதவி திரும்ப வந்தது.

கோட்டை_அகழி
அந்த மதிய உணவு இயக்குநர் மேசையில் மட்டும் பிறக்கவில்லையே, காமராசரும் இருந்தாரே! அப்புறம் 2024 மார்ச் கடிதத்தை யாரும் பேசவில்லை. 2020 கொள்கைப்படி நடக்கும் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளிகளுக்கு ஒப்பந்தம் போட விருப்பம் என்று நம் தலைமைச் செயலாளர் டெல்லிக்கு எழுதினார். பிறகு மாநிலம் மறுத்தது, மத்திய அரசிடமிருந்து வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றது. 2025 மார்ச்சில் மத்திய அமைச்சர் அந்தக் கடிதத்தைத்தான் தூக்கிக் காட்டினார். அதிகாரி கையெழுத்துக்கு எடை இல்லை என்கிறீர்களா?

பாலாற்று_மணல்
அந்தக் கடிதத்தை முழுதாகப் படியுங்கள் சார். குழு அமைத்து, அதன் பரிந்துரைப்படி கையெழுத்திடுவோம் என்றுதான் இருக்கிறது. கடிதம் ஒப்பந்தம் ஆகாது. அந்தப் பணத்துக்காக மாநிலம் உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது, அங்கே வாதாடுவது அரசு, அந்த அதிகாரி இல்லை.

கோட்டை_அகழி
ஒப்பந்தம் ஆகாதுதான். ஆனால் ஒரு வருஷம் கழித்தும் அதை வைத்துத்தானே சண்டை நடந்தது! இதில் உங்களோடு ஒத்துப்போக முடியாது.

காட்பாடி_ஜங்ஷன்
நாளைக்குக் கோட்டையில் இன்னும் இரண்டு சுற்று நடங்கள், தெளிந்துவிடும். டீச்சர், அந்தப் பழைய ஏணிப்படி அட்டவணை யாரிடமாவது இருக்கிறதா? என் தங்கை பி.எட். ஒப்படைப்புக்குக் கேட்கிறாள்.

சாக்பீஸ்_டீச்சர்
தமிழ் மூன்றாம் வகுப்பு அட்டவணை ஒன்று எங்கள் பழைய பள்ளி பீரோவில் சுருட்டி வைத்திருந்தேன் தம்பி. ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது, சின்னங்கள் தெளிவாகத் தெரியும். திங்கட்கிழமை அந்தப் பக்கம் போகிறேன், கேட்டுப் பார்க்கிறேன்.