மலர்விழி ஊரில் இல்லாத நாட்களில் பூனை பொம்மி: ஜெலுத்தோங் குடும்பக் குழு

மலர்விழி, மாலை 6.12
அனைவருக்கும் வணக்கம். அலுவலகப் பயிற்சிக்காக நான் வியாழக்கிழமை காலை ஈப்போவுக்குப் புறப்படுகிறேன். ஞாயிறு இரவுதான் திரும்புவேன். அம்மாவால் குனிந்து பொம்மியைத் தூக்க முடியாது என்பதால், யார் எந்த வேளையில் வீட்டுக்கு வருவது என்பதை இன்றே பேசி முடித்துவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

பெரியம்மா, மாலை 6.18
நான் வியாழன் மதியமே வந்து உன் அம்மாவுடன் தங்கிவிடுகிறேன். சோறு வைப்பதும் மணல் தட்டைச் சுத்தம் செய்வதும் என் பொறுப்பு. ஊசி வேலைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே.

சின்ன மாமா, மாலை 6.25
நான் வெள்ளிக்கிழமை மாலை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்துவிடுகிறேன். அதற்கு முன் பொம்மிக்கு என்ன நோய் என்பதை ஒரு முறை தெளிவாக எழுதிவிடு. ஒருவர் சிறுநீரகம் என்கிறார், இன்னொருவர் இரத்த அழுத்தம் என்கிறார். சென்ற மாதம் நான் பார்த்தபோது நன்றாகத்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

மலர்விழி, மாலை 6.41
மாமா, அவள் அவ்வளவு தண்ணீர் குடிப்பதே நோயின் அடையாளம்தான். பழுதடைந்த சிறுநீரகத்தால் சிறுநீரைச் செறிவாக்க முடிவதில்லை. நீர் உடலில் தங்காமல் வெளியேறிவிடுகிறது. அதை ஈடுகட்ட அவள் கிண்ணத்தருகிலேயே உட்கார்ந்து குடித்தாலும் உடல் வறண்டபடியே இருக்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் லிட்டருக்கு 270 மைக்ரோமோல் இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. பூனைகளின் நாட்பட்ட சிறுநீரக நோயை மருத்துவர்கள் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ஏறக்குறைய 250 முதல் 440 வரை மூன்றாம் நிலை. கிரியாட்டினின் இயல்பான வரம்பைத் தாண்டும்போது சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு வரை போயிருக்கும் என்பதால்தான், அதைவிட முன்னதாகவே ஏறக்கூடிய எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு சோதனையையும் இப்போது வயதான பூனைகளுக்குச் செய்கிறார்கள். போன திறன் திரும்ப வராது. ஆனால் மூன்றாம் நிலையிலுள்ள பூனைகள் நல்ல கவனிப்பில் பல மாதங்களும், சில வேளைகளில் சில ஆண்டுகளும் வசதியாக வாழ்கின்றன.

பெரியம்மா, மாலை 6.50
பூனைக்குப் பதினாறு வயது என்றால் நம் கணக்கில் எண்பது. அந்த வயதில் வாய்க்குப் பிடிக்காத மருந்துச் சோற்றைப் போட்டு அவளை ஏன் வதைக்க வேண்டும்? கெம்போங் மீனை வேகவைத்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து கொடுத்தால் தட்டை நக்கி முடித்துவிடுவாள்.

மலர்விழி, இரவு 7.08
பெரியம்மா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை மருத்துவரும் ஒப்புக்கொள்கிறார். மீனிலும் இறைச்சியிலும் பாஸ்பரஸ் அதிகம். அதை வெளியேற்ற முடியாத சிறுநீரகம் இருக்கும்போது அது இரத்தத்தில் சேர்ந்து நோயை விரைவாக்குகிறது. சிறுநீரக நோய்க்கென்றே செய்யப்படும் உணவில் பாஸ்பரஸைக் குறைத்து, புரதத்தையும் அளவோடு வைத்திருக்கிறார்கள். அதைச் சாப்பிடும் பூனைகள் கூடுதல் காலம் வாழ்வது ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது. ஆனால் அது தட்டில் கிடந்து காய்வதால் யாருக்கும் பயனில்லை. பூனை சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தால் உடற்கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து வேறொரு பேராபத்து வந்துவிடும். ஆகவே முதலில் பவுச் உணவை வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்து, வாசனை எழும் அளவுக்கு இளஞ்சூடாக்கிக் கொடுத்துப் பாருங்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்த கெம்போங் மீனின் நீரை ஒரு கரண்டி மேலே ஊற்றுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மீனையே கொடுத்துவிடுங்கள். அதற்காக நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நெத்திலிக் கருவாடு கொதித்த நீரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் உப்பு மிகுதி.

மலர்விழி, இரவு 7.11
இன்னொன்றையும் கவனியுங்கள். அவள் தட்டின் அருகே வந்து உதட்டை நக்கிக்கொண்டே விலகிப் போனால் அது பிடிவாதமன்று, குமட்டல். அந்த நேரத்தில் உணவை வாயில் திணித்தால், பிறகு அந்த உணவைக் கண்டாலே ஒதுங்கத் தொடங்கிவிடுவாள். தட்டை எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் புதிதாக வையுங்கள். ஒரு நாள் முழுவதும் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் எனக்காகக் காத்திருக்காமல் கிளினிக்கை அழைத்துவிடுங்கள்.

அண்ணி, இரவு 7.30
சனிக்கிழமை எனக்கு மருத்துவமனையில் காலை வேலைதான். மாலை ஐந்து மணிக்கெல்லாம் வந்துவிடுவேன். மனிதர்களுக்கு நரம்பில் டிரிப் ஏற்றிப் பழகிய கை என்னுடையது. பூனைக்குத் தோலின் கீழ் ஏற்றுவது எனக்குப் புதிது. எவ்வளவு, எந்த இடத்தில், எந்த வேகத்தில் என்பதை எழுதிவிட்டால் நல்லது.

மலர்விழி, இரவு 7.55
அண்ணி, நீங்கள் வருவதால் பெரிய பாரம் இறங்கியது. உடல் வறட்சிக்கு மருத்துவர் சொல்லியிருப்பது ஹார்ட்மன் என்ற உப்புநீர்க் கரைசல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் 100 மில்லிலிட்டர். வியாழன் காலை நான் ஏற்றிவிட்டே புறப்படுவேன். அதனால் சனி மாலை மட்டும் உங்கள் முறை. பையை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்துவிட்டு, ஓரிரு சொட்டுகளை மணிக்கட்டில் விட்டுச் சூடு பாருங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடத்தில் மட்டும் கொதித்துவிடும் என்பதால் அது கூடாது. ஜன்னல் கம்பியில் கொக்கி மாட்டியிருக்கிறேன். பையை அதில் தொங்கவிட்டு, பொம்மியை மேசையில் துண்டு விரித்துப் படுக்க வையுங்கள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்தால் அடியில் இடைவெளி உண்டாகும். புதிய ஊசியை முதுகுக்கு இணையாக அந்த இடைவெளிக்குள் செலுத்த வேண்டும். மறுபக்கம் வெளியே வந்துவிட்டால் மயிர் நனைவதிலேயே தெரிந்துவிடும். வேகத்தைக் குறைக்கத் தேவையில்லை; குழாயை முழுவதும் திறந்துவிட்டால் ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் ஊசி போன இடத்தை ஒரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். நீர் ஒரு கட்டியாகத் திரண்டு, பிறகு முன்னங்கால் பக்கம் இறங்கித் தொங்குவதைப் பார்த்து அம்மா ஒவ்வொரு முறையும் பதறுகிறார். சில மணி நேரத்தில் உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

அண்ணி, இரவு 8.02
எந்த நிலையில் ஏற்றக் கூடாது என்பதையும் சொல்லிவிடு. எங்கள் வார்டில் முதலில் கேட்பதே அதைத்தான்.

மலர்விழி, இரவு 8.10
வியாழக்கிழமை ஏற்றிய நீர் சனிக்கிழமை வரையிலும் தோலின் கீழ் வடியாமல் கிடந்தாலோ, அவள் உறங்கும்போது மூச்சு நிமிடத்திற்கு 30-க்கு மேல் போனாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ ஏற்றக் கூடாது. நீர் நுரையீரலைச் சுற்றிச் சேரத் தொடங்கியிருக்கலாம். அவளுடைய இதயத்தைப் பரிசோதித்த பிறகுதான் மருத்துவர் இந்த அளவை எழுதிக் கொடுத்தார். ஆகவே சோர்வாகத் தெரிகிறாள் என்று நாமாகக் கூடுதலாக ஏற்றிவிடவும் வேண்டாம்.

அருண், இரவு 8.31
அக்கா, எனக்கு இந்த வாரம் இரவு ஷிஃப்ட். பாயான் லெப்பாஸிலிருந்து திரும்பும் வழியில் காலை எட்டு மணிக்கு வந்து மாத்திரையைக் கொடுத்துவிடுகிறேன். ஞாயிறு எனக்கு விடுமுறை என்பதால் நீங்கள் வரும் வரை இருக்கவும் முடியும். அவளுடைய மாத்திரை எதற்காக என்பதையும் சொல்லுங்கள்.

மலர்விழி, இரவு 8.44
அது அம்லோடிப்பின், தம்பி. நம் தாத்தா சாப்பிட்ட அதே இரத்த அழுத்த மருந்து, ஆனால் அவளுக்கு 0.625 மில்லிகிராம் மட்டும். சிறுநீரகம் கெட்ட பூனைகளில் பலவற்றுக்கு இரத்த அழுத்தமும் ஏறிவிடுகிறது. பொம்மிக்கு 190 வரை போயிருந்தது, இப்போது 160-க்குக் கீழே நிற்கிறது. கிளினிக்கிலேயே துண்டாக்கி உறையிட்டுத் தந்திருக்கிறார்கள். ஒரு வேளைக்கு ஓர் உறை. மாத்திரையைக் கொடுத்தவுடன் சிரிஞ்சில் சிறிது தண்ணீரை வாயின் ஓரமாக, மெதுவாக விட வேண்டும். இல்லையென்றால் அது உணவுக்குழாயிலேயே தங்கிப் புண்ணாக்கக்கூடும். அவள் துப்பிவிட்டு, எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியாவிட்டால் இன்னோர் உறையைப் பிரிக்காதே. கண்மணிகள் இரண்டும் வெளிச்சத்திலும் விரிந்தே இருந்து, அவள் நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டு நடந்தால், அழுத்தத்தால் விழித்திரை பிரிந்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சின்ன மாமா, இரவு 9.05
இத்தனை ஊசியும் மாத்திரையும் அவளுக்காகவா, நமக்காகவா என்று ஒரு கேள்வி எனக்கு இருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ளாதே.

பெரியம்மா, இரவு 9.09
உயிரை எடுக்க நாம் யார்? அந்தப் பேச்சே இந்தக் குழுவில் வேண்டாம்.

மலர்விழி, இரவு 9.27
பேசத்தான் வேண்டும், பெரியம்மா. மாமா கேட்டதை நானும் மருத்துவரிடம் கேட்டேன். சாப்பிட ஆசைப்படுகிறாளா, தன் உடலைத் தானே நக்கிச் சுத்தம் செய்கிறாளா, நம் அருகே வருகிறாளா, மணல் தட்டுக்குத் தானாக நடந்து போகிறாளா என்று நாட்காட்டியில் தினமும் குறித்துவரச் சொன்னார். நல்ல நாட்களைவிடக் கெட்ட நாட்கள் மிகுந்துவிட்டால், அப்போது மருந்தைக் கூட்டுவதைப் பற்றிப் பேசாமல் வலியில்லாமல் அனுப்பிவைப்பதைப் பற்றிப் பேசலாம் என்றார். இரத்தச் சோதனை எண் மட்டும் ஏறியிருக்கிறது என்பதற்காக அந்த முடிவை நான் எடுக்க மாட்டேன். எண் நன்றாக இருந்தும் அவள் கட்டிலடியில் ஒளிந்துகொண்டு எழ மறுத்தால், அதைத் தள்ளிப்போடவும் மாட்டேன். இப்போதைக்குக் குறிப்புகள் நல்ல பக்கமே இருக்கின்றன.

அம்மா, இரவு 9.34
நான் நாள் முழுவதும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் இன்னமும் என் நாற்காலிக்கு வந்து கத்தி, கிண்ணத்தை நிரப்பச் சொல்கிறாள். அவள் அதை நிறுத்தும் நாளில் நானே சொல்கிறேன்.

சின்ன மாமா, இரவு 9.36
சரி அக்கா, அதற்கு மேல் எனக்குக் கேள்வி இல்லை. வெள்ளி மாலை நான் செய்ய வேண்டியது என்ன?

மலர்விழி, இரவு 9.48
எடை பார்ப்பது உங்கள் வேலை, மாமா. குழந்தைகளுக்கான தராசு அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை 3.6 கிலோ இருந்தாள். 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் பதற வேண்டாம், எழுதி மட்டும் வையுங்கள். மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகத்தான் இருக்கும். மலம் கழித்திருக்கிறாளா என்பதைத்தான் நீங்களும் பெரியம்மாவும் பார்க்க வேண்டும், ஏனென்றால் உடல் வறண்ட பூனைக்கு மலச்சிக்கல் எளிதில் வரும். அவளுக்கு மூட்டு வலி இருப்பதால் விளிம்பு தாழ்ந்த தட்டாக மாற்றியிருக்கிறேன். அதை இடம் மாற்ற வேண்டாம்.

மலர்விழி, இரவு 9.53
பெரியம்மா, உங்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். முழங்காலுக்குக் கோடாலித் தைலம் தேய்த்துவிட்டு, கை கழுவாமல் பொம்மியைத் தடவாதீர்கள். அத்தகைய தைலங்களைப் பூனையின் ஈரலால் செரித்து வெளியேற்ற முடியாது, நக்கினால் விஷமாகும். பனடோல் என்ற காய்ச்சல் மாத்திரை அதைவிட மோசம். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அவளுக்கு உடல் சுடுவதாகத் தோன்றினாலும் நம் மருந்துப் பெட்டியைத் திறக்கவே கூடாது. யாராவது அம்மாவைப் பார்க்க வரும்போது பூச்செண்டு கொண்டுவந்தால், அதில் லில்லி இருக்கிறதா என்று பார்த்து வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதன் மகரந்தம் மயிரில் ஒட்டி அதை நக்கினாலும் சிறுநீரகம் செயலிழந்துவிடும்.

பெரியம்மா, இரவு 9.58
தைலத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன். முழங்காலை வெந்நீர் ஒத்தடத்தில் சமாளித்துக்கொள்ளலாம்.

அண்ணி, இரவு 10.04
சனிக்கிழமை பயன்படுத்திய ஊசியை என்ன செய்வது? குப்பைப் பையில் போட்டால் அள்ளுபவர் கையில் குத்திவிடும்.

மலர்விழி, இரவு 10.07
தராசுக்குப் பக்கத்தில் சலவைத் திரவத்தின் காலி போத்தல் ஒன்று இருக்கிறது, அண்ணி. மூடியை மாட்ட முயலாமல் ஊசியை அப்படியே அதற்குள் போட்டுவிடுங்கள். போத்தல் நிறைந்ததும் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்; திங்கட்கிழமை நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.