இரவு 8 மணிக்குப் பிறகு கணினி கிடைக்கும் இடம் வேண்டும் – தண்டையார்பேட்டை

வணக்கம். துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் என் தம்பி, மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் 12 வாரப் பைத்தான் (கணினி நிரல்மொழி) பாடத்தில் சேர்ந்து, ஐந்தாம் வாரத்தில் நின்றுவிட்டான். படிப்பு இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். ஆங்கில விரிவுரையையும் வேகத்தைக் குறைத்துக் கேட்டுப் புரிந்துகொள்கிறான். நிரல் எழுதும் பயிற்சிதான் தடை. வீட்டில் இருப்பது 3 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு 10 கைப்பேசி ஒன்றே. விசைப்பலகை திறந்ததும் பாதித் திரை மறைந்துவிடுவதால், பைத்தானுக்கு உயிரான வரித்தொடக்க இடைவெளி கண்ணுக்குத் தெரியாமல் பிழைமேல் பிழை விழுகிறது.

கைப்பேசியைக் கிடைமட்டமாக வைத்துப் பார்த்தோம்; ப்ளூடூத் விசைப்பலகை இரவல் வாங்கினோம்; இணைய உலாவியிலேயே பைத்தான் நிரலை இயக்க உதவும் கூகுள் கோலாப் பாதியில் நின்றுவிடுகிறது. பிரௌசிங் சென்டரோ அவன் வருவதற்குள் மூடிவிடுகிறது. இவ்வளவு ஆர்வமாகப் படிப்பவனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் இரவு 8 மணிக்குப் பிறகு கணினியில் பயிற்சி செய்ய இடம் தரும் நூலகமோ படிப்பகமோ உண்டா?