'பரிசோதனை' என்றால் எந்தப் பரிசோதனை? மார்பகப் புற்றுநோய் ஆய்வில் சேர்வதா என்று யோசித்தவர்களின் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள்

அம்மாவுக்கு 61 வயது. இடது மார்பில் கட்டி. கட்டியை மட்டும் வெட்டி எடுத்தார்கள், பிறகு கீமோ, அதற்குப் பிறகு கதிர்ச்சிகிச்சை. எல்லாம் முடிந்து ஹோர்மோன் மாத்திரை தொடங்கும் நேரத்தில் டொக்டர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். சேருகிற எல்லோருக்கும் வழமையான ஹோர்மோன் மாத்திரை கிடைக்கும். அதோடு பாதிப் பேருக்கு ஒரு புது மருந்து, மற்றப் பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரியான மருந்தில்லாத மாத்திரை. யோசித்துச் சொல்லுங்கள் என்று 19 பக்கச் சம்மதப் படிவம் ஒன்றைத் தந்துவிட்டார்கள்.

அன்று அம்மாவோடு போனது மாமி. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னார்: "இன்னொரு பரிசோதனை இருக்காம் பிள்ளை. இரத்தம் எடுப்பினம் போல."

படிவத்தின் தமிழ்ப் பிரதியைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஆய்வுக்கும் 'பரிசோதனை', இரத்தம் சோதிப்பதற்கும் 'பரிசோதனை'. ஒரே பக்கத்தில் இரண்டும் வருகின்றன. எட்டு மாதமாக இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் பரிசோதனை என்று அலைந்த ஒருவருக்கு அந்தச் சொல் வேறு எதைச் சொல்லும்? மாமி "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிப்பம்" என்று சொல்லியிருக்காவிட்டால் அம்மா அங்கேயே ஒப்பம் வைத்திருப்பார். ஆஸ்பத்திரியில் விளக்கிச் சொன்ன பிள்ளை பொறுமையாகத்தான் கதைத்திருக்கிறார், ஆனால் சிங்களத்தில். அம்மாவின் சிங்களம் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் போதும். இதற்குக் காணாது.

அடுத்த சிக்கல் 'எழுமாறாக' என்ற சொல். எங்களுக்குக் கணிதப் புத்தகத்தில் பழக்கம், அம்மாவுக்கு இல்லை. "திருவுளச் சீட்டு மாதிரி அம்மா. யார் எந்தக் குழு என்று கம்பியூட்டர்தான் எடுக்கும், டொக்டருக்கே தெரியாது" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப எனக்கு எது நல்லதெண்டு டொக்டர் பாத்துத் தரமாட்டாரோ?"

நான் அங்கேதான் தடுமாறினேன். எது நல்லது என்று டொக்டருக்கும் இன்னும் தெரியாது, அதனால்தான் ஆய்வு நடக்கிறது என்பதை, நோயில் பயந்துபோயிருக்கிற அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மூன்று நாள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

கடைசியில் அம்மாவின் மனதில் பட்டது வேறொரு கதை. அமெரிக்காவில் பேர்னாட் ஃபிஷர் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் குழு 1976இல் ஓர் ஆய்வு தொடங்கியது. மார்பகம் முழுவதையும் எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா, கட்டியை எடுத்துக் கதிர்ச்சிகிச்சையும் கொடுப்பதா என்று மூன்று குழு. எந்தக் குழு என்று அந்தப் பெண்களுக்கும் எழுமாறாகத்தான் விழுந்தது. 1,851 பேரை 20 வருடம் பார்த்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். உயிரோடு இருந்த காலத்தில் மூன்று குழுவுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியிருந்தது, கதிர்ச்சிகிச்சையும் எடுத்தவர்களில் 14 பேருக்கு. அம்மாவுக்கு மார்பு மிஞ்சியதும், ஐந்து கிழமை கதிர்ச்சிகிச்சைக்கு அலைந்ததும் அவர்கள் சம்மதித்ததால் தெரியவந்த விசயங்களால்தான். "அந்தப் பொம்பிளையளுக்கு என்ன துணிவு" என்றார் அம்மா.

ஆனாலும் அது அம்மாவைச் சேரச் சொல்வதற்குக் காரணமாகாது என்றுதான் எனக்குப்பட்டது. நன்றிக்கடனுக்காக ஒருவர் மருந்து குடிக்கக் கூடாது. அடுத்த புதன்கிழமை பதில் சொல்ல வேண்டும். இதற்குள்ளால் போனவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

தெஹிவளையிலிருந்து

நான் இப்படியொரு ஆய்வில் சேர்ந்து ஒன்றரை வருடம். நான்காம் மாதம் கடுமையான வயிற்றோட்டம், ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம். சேரும்போது ஒரு சின்ன அட்டை தந்திருந்தார்கள், அதிலிருந்த இலக்கத்துக்கு இரவு பத்து மணிக்கு எடுத்தேன். மறுநாளே வரச் சொல்லி, மாத்திரையை நிறுத்தி, பிறகு குறைந்த அளவில் தொடங்கினார்கள். நான் குடிப்பது மருந்தா வெறும் மாத்திரையா என்று இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருப்பது முதல் சில மாதம் மனதை அரித்தது, இப்போது பழகிவிட்டது. ஆபத்தான நிலை வந்தால் எந்தக் குழு என்பதைத் திறந்து பார்க்க வழி இருக்கிறது, அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அட்டை எப்போதும் அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

நான் வேண்டாம் என்றவள், அதனால் என் கதையும் இருக்கட்டும். எனக்கு மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில்தான் சத்திரசிகிச்சையும் கீமோவும், ஒரு சதம் செலவில்லாமல். புறக்கோட்டையிலிருந்து 138 பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருவேன். ஆய்வோ வேறோர் இடத்தில். நாலு கிழமைக்கு ஒருக்கா அங்கேயும் போக வேண்டும், ஒரு நாள் முழுக்கப் போய்விடும். நான் தையல் வேலை, தைத்தால்தான் அன்றைக்குக் காசு. பிள்ளைகள் இரண்டு பேரும் சின்னவர்கள்.

மருந்துக்குப் பயப்படவில்லை. வேண்டாம் என்று டொக்டரிடம் சொல்லத்தான் பயந்தேன். காப்பாற்றின மனிசனுக்கு எப்படி மாட்டேன் என்று சொல்வது? இரண்டு கிளினிக் சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டேன். மூன்றாம் தரம் சொன்னேன். அவர் "சரி அம்மா" என்றுவிட்டு, கொப்பியில் அடுத்த கிளினிக் திகதியை எழுதித் தந்தார். வழமையான மாத்திரை வழமைபோலக் கிடைக்கிறது. இரண்டு மாதம் வீணாக நித்திரை முழித்தேன் தங்கச்சி. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து

சேர விரும்பியும் சேர முடியாமல் போனவர்களும் இருக்கிறோம். எனக்கு ஹெர்2 பொசிட்டிவ் வகை, அதாவது புற்றுநோய்க் கலங்களில் ஹெர்2 என்ற புரதம் கூடுதலாக இருக்கிற வகை. படிவம் முழுக்க வாசித்து, வீட்டில் சண்டை பிடித்துச் சம்மதம் வாங்கி, ஒப்பமும் வைத்தேன். அதற்குப் பிறகு எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயம் இரத்தத்தைத் தள்ளும் அளவு 48 வீதம். அவர்களுக்கு 50 ஆவது வேண்டும். ஹெர்2 வகைக்குக் கொடுக்கிற மருந்துகள் சிலருக்கு இதயத்தைத் தளர்த்தும் என்பதால் அந்த எல்லை. நியாயம்தான், ஆனாலும் அன்று பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். ஒப்பம் வைத்த பிறகும் இந்தச் சோதனைகள் இருக்கின்றன என்று அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மறுபடியும் வெள்ளவத்தை

எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கொட்டாஞ்சேனை அக்கா எழுதியதை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

புதன்கிழமை நானும் போனேன். தமிழில் கதைக்கக்கூடிய ஒருவர் வேண்டும் என்று கேட்டேன். ஒரு மணித்தியாலம் இருக்கச் சொன்னார்கள், பிறகு ஒரு தமிழ் டொக்டர் வந்தார். படிவத்தின் மேல் மூலையில் ஓர் இலக்கம் இருந்தது, இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் இலக்கம். இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் நடத்தும் பதிவேடு அது, யாரும் இணையத்தில் பார்க்கலாம். முதல் நாளே தேடிப் பார்த்திருந்தேன், விவரங்கள் ஒத்துப்போயின. ஆய்வு மருந்தால் பாதிப்பு வந்தால் செலவு யாருடையது, இடையில் விட்டால் என்ன நடக்கும், எத்தனை தரம் வர வேண்டும் என்று கேட்டேன். செலவு விசயம் படிவத்தில் எந்தப் பந்தியில் இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினார். எந்த நாளும் விடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, வழமையான சிகிச்சை தொடரும் என்றார்.

அப்புறம் அம்மா தானாகவே கேட்டார்: "நான் உங்களுக்காகச் சேரவேண்டிய தேவை இல்லைத்தானே?" இல்லை என்றார் டொக்டர். "அப்ப சேருறன்."

வெட்டி எடுத்த கட்டியின் ஒரு துண்டை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பத் தனியாக ஓர் ஒப்பம் கேட்டார்கள். அது கட்டாயமில்லை. நான் யோசித்தேன், அம்மா யோசிக்கவில்லை. "அது என்னை விட்டுப் போனதுதானே, கொண்டுபோகட்டும்."

ஒவ்வொரு பக்கத்திலும் தமிழில் ஒப்பம் வைத்து முடிக்க நேரமெடுத்தது. ஒரு பிரதி எங்களிடம் இருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை இரத்தமும் ஈசிஜியும். பம்பலப்பிட்டி அக்கா சொன்னபடி அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சரிவராவிட்டால் வழமையான மாத்திரையோடு வீட்டுக்கு வருவோம்.