படகின் முன்தளம் அமுங்குகிறது: ப்ளைவுட்டா, பால்சாவா, ஃபோமா?

துடுப்பு:
6 மீட்டர் ஃபைபர் படகு. முன்தளத்தில் கால் வைத்தால் அமுங்குகிறது. கயிறு கட்டும் கொண்டியின் பக்கத்தில் துளை போட்டதில் கறுத்த, ஈரமான மரத்தூள்தான் வந்தது. பழுது சுமார் 3 சதுர மீட்டர். மேல் ஓடு (ஃபைபர் படலம்) 4 மி.மீ., நடுவில் 12 மி.மீ. ப்ளைவுட். கீழ் ஓடு நன்றாக இருக்கிறது. மேல் ஓட்டை வெட்டியெடுத்து அழுகிய மரத்தை நீக்கியபின் நடுவில் எதை வைக்கலாம்? ஃபைபர் துணியில் ஊறி இறுகும் பிசினாக (ரெசின்) பாலியஸ்டர் போதுமா, எபாக்ஸி வேண்டுமா? மேலே ஜெல்கோட் (ஃபைபர் படகுகளின் வழவழப்பான வண்ண மேல்பூச்சு) அடிக்க ஆசை.

பாய்மரம்:
முதலில் ரெசினை முடிவு செய்யுங்கள். ஃபைபர் துணியும் மேல்பூச்சும் அதைப் பொறுத்தவை. பழைய ஓடு என்றோ இறுகிவிட்டது. அதன்மேல் புது ரெசின் வேதிமுறையில் கலக்காது, ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஒட்டுவதில் பாலியஸ்டரைவிட எபாக்ஸி வெகு வலுவு. அதனால் எபாக்ஸியே என் தேர்வு.

அப்படியானால் ஜெல்கோட் ஆசையை விட்டுவிடுங்கள். எபாக்ஸிமேல் பாலியஸ்டர் ஜெல்கோட் நம்பிக்கையாகப் பிடிக்காது. ஆனால் எபாக்ஸியை வெயிலில் வெறுமனே விட்டால் வெளுத்துப் பொடியும். ப்ரைமர் போட்டு, இரண்டு பாகமாகக் கலக்கும் பாலியூரித்தேன் பெயின்ட் அடியுங்கள். ஜெல்கோட்தான் வேண்டுமென்றால் வேலை முழுவதையும் வினைல்எஸ்டர் என்ற இன்னொரு ரெசினில் செய்யலாம்.

துணியிலும் கவனம். சாதாரண சாப்டு மேட்டின் (துண்டு இழைகளை ஒட்டிச் செய்த ஃபைபர் விரிப்பு) இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். எபாக்ஸியில் அது கரையாமல் விறைத்து நிற்கும், மூலைகளில் படியாது. பசையில்லாமல் தைத்துச் சேர்த்த 1708 பைஆக்சியல் (இரண்டு திசைகளில் இழை ஓடும் ஃபைபர் துணி) வாங்குங்கள்.

நங்கூரம்:
நடுப்பொருளைப் பற்றி நான் சொல்கிறேன். 12 மி.மீ. மரைன் ப்ளைவுட் உங்கள் பரப்புக்கு 20 கிலோ பக்கம் வரும். கனமீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியுள்ள பிவிசி ஃபோம் 3 கிலோதான், அழுகவும் அழுகாது. பால்சா என்ற மிக லேசான மரம் (இழை செங்குத்தாக நிற்கும் வகை) அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் ஒரு துளை கசிந்தால் மறுபடி இதே கதை. நான் ஃபோம்தான் சொல்வேன். ஒன்று மட்டும்: ப்ளைவுட்டுக்குச் சொந்த விறைப்பு உண்டு, ஃபோமுக்கு அது மேல் கீழ் ஓடுகளிலிருந்துதான் வரவேண்டும். மேலே 1708 இரண்டு அடுக்குக்குக் குறையாதீர்கள்.

வீட்டுக் கூரைக்குப் போடும் பாலிஸ்டைரீன் பலகை வேண்டவே வேண்டாம். பாலியஸ்டர் பட்டால் கரைந்துவிடும். எபாக்ஸியில் கரையாவிட்டாலும், தளத்துக்கு வேண்டிய வலு அதில் இல்லை. பூச்சிமருந்து ஏற்றிய ப்ளைவுட்டும் வேண்டாம், அதில் ஈரம் மிகுதி, ரெசின் சரியாகப் பிடிக்காது.

துடுப்பு:
ஃபோம் என்றே முடிவு. எவ்வளவு ரெசின் வாங்கவேண்டும்? ஒட்டும் முறை?

பாய்மரம்:
1708 சதுர மீட்டருக்கு 0.8 கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு அடுக்குக்கு 6 சதுர மீட்டர், 5 கிலோ துணி. கையால் தடவும்போது துணியின் எடைக்குச் சமமாக ரெசின் குடிக்கும். ஃபோமை ஒட்டவும் விளிம்பு நிரப்பவும் சேர்த்து 10 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள், சூடேறிப் புகைந்துவிடும். கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிப் பரப்புங்கள்.

தோல்வி பெரும்பாலும் ஃபோமுக்கு அடியில்தான். கீழ் ஓட்டை 60 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். ஓட்டிலும் ஃபோமிலும் முதலில் வெறும் ரெசின் தடவுங்கள். பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியை, விளிம்பில் பல் வெட்டிய கரண்டியால் கோடுகோடாக இழுங்கள். ஃபோமில் 10 செ.மீ.க்கு ஒரு 3 மி.மீ. துளை இருக்கட்டும். பாரம் வைக்கும்போது ஒவ்வொரு துளையிலும் சிறு புழுப்போலப் பசை எழவேண்டும். எழாத இடத்தில் அடியில் காற்று இருக்கிறது. இறுகியபின் நாணயத்தால் தட்டினால் அங்கே மட்டும் ஓசை மாறும்.

துணி போடுவது மாலையில், வெப்பம் இறங்கும்போது. காலையில் போட்டால் ஃபோமுக்குள் இருக்கும் காற்று விரிந்து துணியைக் குமிழாகத் தூக்கும். பழைய மேல் ஓட்டின் விளிம்பை 12:1 சரிவாகத் தேயுங்கள், 4 மி.மீ. ஓட்டுக்கு 5 செ.மீ. வரும். மறுநாள் மேலே மெழுகு போன்ற படலம் இருந்தால் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவியபின்தான் தாள் போடவேண்டும். முதலிலேயே தாள் போட்டால் அது உள்ளே தேய்ந்து இறங்கி, பெயின்ட் உரியும்.

நங்கூரம்:
கொண்டி வரும் இடத்தில் 80 ஃபோம் வேண்டாம், போல்ட் இறுக்கினால் நசுங்கும். அதன் அடித்தகட்டைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, 12 மி.மீ. ஜி10 தகடு (எபாக்ஸியில் அழுத்திய கண்ணாடியிழைத் தகடு) பதியுங்கள். மற்ற சிறு போல்ட்டுகளுக்கு, 6 மி.மீ. போல்ட் என்றால் 12 மி.மீ. துளை போட்டு, கெட்டி எபாக்ஸி நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் 6 மி.மீ. துளையுங்கள். தண்ணீர் நுழைந்தது இந்தத் துளைகள் வழியாகத்தான். ஒன்றைக்கூட நிரப்பாமல் விடாதீர்கள்.